காசைத் தின்னும் உறை

பட்டுப்புடவையை எப்படிப் பத்திரப்படுத்துவது என்று காஞ்சிபுரத்தில் யாரும் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பிளாஸ்டிக் பையில் வைக்காதே, பழைய பருத்தித் துணியில் சுற்றி வை, சில மாதங்களுக்கு ஒருமுறை பிரித்து மடிப்பை மாற்று, அந்துருண்டை சரிகையில் படாமல் பார்த்துக்கொள். கடைக்காரர் சொல்வதும் இதுதான், வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் இதுதான். இந்தக் கவனம் பட்டுக்காக மட்டும் எடுத்துக்கொள்வதில்லை. நல்ல சரிகை என்பது பட்டு நூலின் மேல் சுற்றிய மெல்லிய வெள்ளி இழை, அதற்கு மேல் தங்க முலாம். வெள்ளி கறுத்துவிடுமே என்ற பயம்தான் இந்த எச்சரிக்கையில் பாதி. அதே வீட்டு பீரோவில் தாத்தா காலத்து வெள்ளி ரூபாய் நாலைந்து இருந்தால், அவை பெரும்பாலும் எதில் இருக்கும்? ஸ்டேஷனரிக் கடையில் முதலில் கைக்கு எட்டிய, வழுவழுப்பான, கண்ணாடிபோல் தெரிகிற பிளாஸ்டிக் ஆல்பத்தில். சரிகைக்கு ஆகாது என்று தள்ளி வைத்த பொருளுக்குள் அதே வெள்ளியைக் காசாக இருக்கும்போது மட்டும் நிம்மதியாகச் செருகிவிடுகிறோம்.

நாணயம் சேர்க்கத் தொடங்குபவர்கள் ஆல்பத்தைப் பார்வைக்கான பொருளாகவே எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்துக்கு எத்தனை பாக்கெட், இரண்டு புறமும் தெரிகிறதா, அட்டை தோல்போல இருக்கிறதா என்பவையே கடையில் கேட்கப்படும் கேள்விகள். ஆனால் ஆல்பத்தைத் திறந்து பார்ப்பது வருடத்தில் சில மணி நேரம். மற்ற நேரமெல்லாம் உலோகமும் உறையும் இருட்டில், நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் ஒன்றையொன்று தொட்டபடி கிடக்கின்றன. அப்போது உறையிலிருந்து என்ன கசிகிறது, உலோகத்தில் என்ன ஏறுகிறது என்பதை வைத்துத்தான் ஆல்பத்தின் தரத்தை எடைபோட வேண்டும். ஆகவே முதல் கேள்வி, இது எதனால் செய்தது? அடுத்தது, என் காசு எந்த உலோகம்? பாக்கெட் எண்ணிக்கை, அழகு, விலை எல்லாம் இந்த இரண்டுக்கும் பின்னால் வந்தால் போதும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டி, ஐப்பசியில் சுவரே வியர்க்கும் ஊரில் இந்த வரிசையை மாற்றினால் சேதம் சீக்கிரமே கண்ணில் படும்.

மலிவு ஆல்பங்களின் மென்மையான பக்கங்கள் பெரும்பாலும் பிவிசி. விசிட்டிங் கார்டு ஆல்பத்துக்கும் ரேஷன் கார்டு உறைக்கும் பயன்படுவது இதுதான். பிவிசி இயல்பில் கெட்டியானது. வீட்டுத் தண்ணீர்க் குழாய் அதனால் ஆனது. அதை வளையும் தாளாக மாற்ற, நெகிழ்வு தரும் எண்ணெய் போன்ற ரசாயனத்தை அதில் கலக்கிறார்கள். இந்த எண்ணெய் பிளாஸ்டிக்கோடு வேதிமுறையில் பிணைவதில்லை, ஊடே தங்கி நிற்கிறது. நாள் ஆக ஆக, சூடு ஏற ஏற, அது மெல்ல வெளியே வந்து காசின் மேல் பிசுக்காகப் படிகிறது. இரண்டாவது ஆபத்து இன்னும் பெரியது. பிவிசியின் மூலக்கூறிலேயே குளோரின் இருக்கிறது. சூட்டிலும் வெளிச்சத்திலும் அது சிதையும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு பிரிகிறது. காற்றின் ஈரம் சேர்ந்தால் அதுவே ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது செம்பைத் தொட்ட இடத்தில் பச்சை நிறம் வரும். உலகம் முழுக்க நாணயக்காரர்கள் பயப்படும் அந்தப் பச்சைப் பிசுக்கு இப்படித்தான் பிறக்கிறது. செப்புக் காசுக்குத்தானே இந்தத் தொல்லை என்று வெள்ளி வைத்திருப்பவர்கள் ஆறுதல் அடைய முடியாது. 1835 முதல் 1939 வரை அச்சான வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் 12 பங்கில் 11 பங்கு வெள்ளி, மீதி ஒரு பங்கு பெரும்பாலும் செம்பு. 1940 முதல் வந்த வெள்ளி ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைந்து செம்பு கூடியது. சுதந்திரத்துக்குப் பின் நாம் நெடுங்காலம் புழங்கிய செம்பு நிக்கல் காசுகளில் நாலில் மூன்று பங்கு செம்பு. இந்தியச் சேகரிப்பு எதைத் திறந்தாலும் செம்பு இல்லாத பக்கம் அபூர்வம்.

பச்சை வந்தால் துடைத்துவிட்டால் போயிற்று என்று சொல்வோர் உண்டு. தொடக்க நிலையில், சுத்தமான அசிட்டோனில் சிறிது நேரம் ஊறவைத்தால் பிசுக்கு கரைந்துவிடும் என்பது உண்மைதான். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் வாசனையும் எண்ணெயும் கலந்திருப்பதால் அது உதவாது. அசிட்டோனும் தீப்பற்றும் பொருள் என்பதால் அடுப்பங்கரைப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. ஆனால் அமிலம் உலோகத்தை அரித்துக் குழி விட்ட பிறகு எந்தத் திரவத்தாலும் அதை நிரப்ப முடியாது. குத்துவிளக்குத் துலக்குவதுபோலப் புளியும் திருநீறும் போட்டுத் தேய்த்தால், அமிலம் விட்டுவைத்ததையும் நாமே உரித்தெடுத்துவிடுவோம். பழங்காசு சொல்லும் செய்தி முழுவதும் அதன் மேற்பரப்பில், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த ஆழத்தில் இருக்கிறது. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, ‘பெருவழுதி’ என்ற பெயர் தமிழ் பிராமியில் பொறித்த செப்புக் காசை அடையாளம் கண்டு வெளியிட்டார். சங்க காலப் பாண்டியர் தம் பெயரிலேயே காசு அடித்தார்கள் என்பதற்கு அது எழுத்துச் சான்றாயிற்று. அந்த எழுத்துகள் அழிந்திருந்தால் அது வெறும் செப்புத் துண்டு. காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட பல்லவர்களின் காசுகளில் காளை நிற்கிறது. அருகே பட்டப்பெயர் எழுத்துகள் உள்ளவையும் சில உண்டு. காளையை வைத்து வம்சத்தைச் சொல்லலாம். எந்த அரசன் என்று நெருங்குவதற்கு அந்த எழுத்துகள் வேண்டும். தேய்ந்தும் அரித்தும் முதலில் போவதும் எழுத்துகள்தான். எனவே ‘காசு அப்படியேதானே இருக்கிறது, நிறம்தான் கொஞ்சம் மாறியிருக்கிறது’ என்ற சமாதானம் செல்லாது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். மண்ணுக்குள் ஆயிரம் வருஷம் கிடந்தும் அழியாத காசை ஒரு பிளாஸ்டிக் பை என்ன செய்துவிடும்? இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம். மண்ணில் பிழைத்துக் கைக்கு வந்தவற்றைத்தான் நாம் பார்க்கிறோம். கரைந்து போனவற்றுக்குக் கணக்கு வைத்தவர் யாரும் இல்லை. அடுத்தது, பிழைத்த காசு கெட்டியாகிவிட்டது என்று நினைப்பதே தவறு. மண்ணிலும் ஆற்று மணலிலும் கிடந்த செப்புக் காசுக்குள் உப்பின் குளோரைடு ஊறியிருக்கும். மேலே அடர்பச்சையாகவோ பழுப்பாகவோ படிந்த களிம்பு ஒரு சமநிலையில் நிற்கிறது. வெளியே எடுத்ததும் காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் உள்ளிருக்கும் குளோரைடோடு சேர்ந்து அமிலத்தை உண்டாக்கும்; அமிலம் செம்பை அரிக்கும்; அரித்ததிலிருந்து மீண்டும் குளோரைடு உருவாகும். இந்தச் சுற்று தானாக நிற்பதில்லை. வெளிர்பச்சைப் பொடி புள்ளி புள்ளியாகக் கிளம்பினால் இது தொடங்கிவிட்டது என்று பொருள். அருங்காட்சியகங்களில் இதை வெண்கல நோய் என்பார்கள். நோய் என்று பேர் இருந்தாலும் இது கிருமி இல்லை, வெறும் உப்பும் ஈரமும். ஈரப்பதம் நூற்றுக்கு 40க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் அடங்கியிருக்கும். காஞ்சிபுரத்தில் அவ்வளவு உலர்ந்த நாள் எத்தனை கிடைக்கும்? இப்படிப்பட்ட காசுக்கு ஏற்கெனவே உள்ளே ஒரு குளோரைடு மூட்டை இருக்கிறது. அதைக் குளோரின் கசியும் பையில் போடுவதைவிட மண்ணிலேயே விட்டிருக்கலாம். மண்ணிலிருந்து எடுத்த செப்புக் காசுகளை எந்த ஆல்பத்திலும் மற்றவற்றோடு சேர்க்காமல், இறுக மூடும் சிறிய பாலிப்ரொப்பிலீன் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு தனியே வைப்பதுதான் சரி.

‘தாத்தா சுருக்குப்பையில் போட்டு வைத்தாரே, ஒன்றும் ஆகவில்லையே’ என்பது அடுத்த ஆட்சேபம். இதை நான் மறுக்க மாட்டேன். சொல்லப்போனால் இந்தக் கட்டுரையின் வாதத்துக்கு அதுவே சாட்சி. சுருக்குப்பை பருத்தித் துணி. அதில் குளோரின் சிதைவு இல்லை, கசியும் எண்ணெய் இல்லை. தாத்தா தம்மை அறியாமலே நல்ல பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டார். அங்கே காசுக்கு நேர்ந்த கெடுதல் வேறு: ஒன்றோடொன்று உரசி ராஜா தலையின் மூக்கும் காதும் மழுங்கின. நேர்ந்துகொண்டு மஞ்சள் துணியில் முடிந்து வைக்கும் காசும் இப்படித்தான்; கோயில் உண்டியலில் சேரும்வரை அதற்குப் பெரிதாக எதுவும் நேராது, ஆனால் மஞ்சளும் குங்குமமும் ஏறிய காசு சேகரிப்புக்குத் திரும்பி வரக் கூடாது. நெசவு ஊர் என்பதால் பட்டுத் துண்டில் சுற்றி வைக்கலாமா என்ற சந்தேகமும் வரும். கம்பளியைவிடப் பட்டு நல்லது. கம்பளியின் புரதத்தில் கந்தகம் மிகுதி, அது வெள்ளியைக் கறுக்க வைக்கும். பட்டிழையில் கந்தகம் மிகக் குறைவு. ஆனால் சாயம் ஏற்றிய பட்டு ஈரத்தில் என்ன விடும் என்பதைச் சாயப்பட்டறைக்காரர்தான் சொல்ல வேண்டும். அந்தச் சோதனையைக் காசின் மேல் செய்து பார்க்க வேண்டாம். அப்படியானால் துணியே போதுமே, ஆல்பம் எதற்கு என்றால், துணிக்குள் இருப்பதைப் பார்க்க ஒவ்வொரு முறையும் கையால் எடுக்க வேண்டியிருக்கிறது. விரலின் வியர்வையும் உப்புதான். தொடாமல் பார்க்க வழி செய்வதே ஆல்பத்தின் உண்மையான பயன்.

எந்தப் பிளாஸ்டிக் நல்லது என்பதில் நாணயவியலாளர்களிடையே பெரிய சண்டை இல்லை. மைலார் என்ற வணிகப் பெயரில் பரவலாக அறியப்படும் பாலியெஸ்டர் படலம், பாலிப்ரொப்பிலீன், பாலிஎத்திலீன், கெட்டியான பாலிஸ்டைரீன், அக்ரிலிக் ஆகியவற்றில் குளோரினும் இல்லை, நெகிழ்வு எண்ணெயின் தேவையும் இல்லை. மைலார் தெளிவாகவும் மொரமொரப்பாகவும் இருக்கும், மடக்கினால் கீறல் விழும். பாலிப்ரொப்பிலீன் சற்று மங்கலாகத் தெரியும், ஆனால் அடிக்கடி புரட்டும் பக்கங்களுக்கு உழைக்கும். பாலிஸ்டைரீனும் அக்ரிலிக்கும் வட்டப் பெட்டிகளாக வருகின்றன. பாலிஸ்டைரீனுக்கு அந்துருண்டை ஆவி ஆகாது, இளகிவிடும். புடவை பீரோவிலேயே காசையும் வைப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். சிக்கல் எல்லாம் கடையில்தான். உறையின் மேல் ‘ஆர்க்கைவல்’ என்று அச்சடிக்கச் சட்டப்படி ஒரு அளவுகோலும் கிடையாது, யார் வேண்டுமானாலும் போடலாம். அந்தச் சொல்லை விட்டுவிட்டு, பொருளின் பெயரைக் கேளுங்கள். பெயர் சொல்லத் தெரியாத ஆல்பத்தை மூக்கும் கையும் ஓரளவு காட்டிக்கொடுத்துவிடும். புது ரெக்ஸின் சீட்டின் வாசனை அடித்து, துவண்டு, இழுத்தால் நீண்டு, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிரியும்போது சத்தம் கொடுத்தால் அது பெரும்பாலும் நெகிழ்ந்த பிவிசி.

இன்னும் உறுதி வேண்டுமானால் ஓரத்தில் நகக்கண் அளவு வெட்டித் தண்ணீரில் அமுக்கிவிட்டுப் பாருங்கள். பாலிஎத்திலீனும் பாலிப்ரொப்பிலீனும் தண்ணீரைவிட லேசானவை, மேலே வந்து மிதக்கும். பிவிசி மூழ்கும். ஆனால் மூழ்குவதெல்லாம் பிவிசி ஆகிவிடாது, மைலாரும் மூழ்கும். அந்த இரண்டில் எது என்று பிரிக்க ஒரு பழைய வேதியியல் சோதனை இருக்கிறது. செப்புக் கம்பியை நன்றாகச் சூடாக்கி, பிளாஸ்டிக் துண்டில் தொட்டு, மறுபடி சுடரில் காட்டினால், குளோரின் இருந்தால் சுடர் பச்சையாக எரியும். வரும் புகை நல்லதல்ல. எனவே திறந்தவெளியில், கடுகளவு துண்டில் மட்டும் செய்ய வேண்டும். குழந்தைகளிடம் விடக் கூடாது. இவ்வளவு மெனக்கெட மனமில்லாதவர்கள் மிதக்கும் பொருளையே வாங்கிக்கொண்டால் போதும்.

பொருளை முடிவு செய்ததும் உலோகம் குறுக்கே வருகிறது. நம் சேகரிப்பாளர்களின் பிடிவாதமான வழக்கம், சங்க காலம் தொட்டு இருபது ரூபாய்க் காசு வரை காலவரிசைப்படி ஒரே ஆல்பத்தில் அடுக்குவது. வரலாற்றுப் பாடத்துக்கு அது அழகு, வேதியியலுக்கு அது அடம். ஈயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சோழமண்டலக் கரையில் கிடைக்கும், பாய்மரக் கப்பல் பொறித்த சாதவாகனர் கால ஈயக் காசுகள் புகழ்பெற்றவை. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் வெளியிட்ட காசுகளிலும் ஈயம் உண்டு. ஈயத்துக்கு எமன் பிவிசி மட்டுமல்ல, வீட்டு மர அலமாரியும்தான். மரம், ஒட்டுப்பலகை, சாதாரண அட்டை, சில வகைப் பசைகள் எல்லாம் அசிட்டிக், ஃபார்மிக் அமில ஆவியைத் தொடர்ந்து விடுகின்றன. மூடிய அறைக்குள் அந்த ஆவி சேரச் சேர, ஈயம் வெள்ளைப் பொடியாக உதிரத் தொடங்கும். மரப்பெட்டியில் பொக்கிஷமாக வைத்த ஈயக் காசுகள் இப்படி மாவாகிப் போவதை உலகெங்கும் அருங்காட்சியகங்கள் பார்த்துவிட்டன. நேர்த்தியான தேக்குப் பெட்டி வெள்ளி ரூபாய்க்குப் பெரிய தீங்கு செய்யாமல் இருக்கலாம், அதே பெட்டி ஈயத்துக்குச் சவப்பெட்டி. ஈயத்துக்கு வேண்டியது இரும்பு பீரோ, அட்டை படாத பாலிப்ரொப்பிலீன் உறை.

வெள்ளிக்கு எதிரி கந்தகம். செய்தித்தாள், பழுப்புக் காகித உறை, ரப்பர் பேண்ட் மூன்றும் வெள்ளிக்காசின் பக்கத்தில் வரக் கூடாது. ரப்பரைக் கெட்டிப்படுத்தவே கந்தகம் சேர்க்கிறார்கள். ரூபாய்க் கட்டுபோலக் காசுறைகளை ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கி வைத்தால், அது பட்ட இடத்தில் கறுப்புக் கோடு விழும். 1960களிலிருந்து வந்த அலுமினியக் காசுகளைப் பைசா பெறாதவை என்று பலர் அலட்சியமாக வைக்கிறார்கள். அலுமினியத்துக்கும் குளோரைடு ஆகாது. வெள்ளைப் புள்ளிகள் கிளம்பும். துருப்பிடிக்காத எஃகுக் காசுகளும் நிக்கல் காசுகளும் பிள்ளைகள் கையிலும் பிழைத்துக்கொள்ளும். தங்கம் எதற்கும் அசையாது. ஆனால் மூன்றில் ஒரு பங்கு கிராம் எடையும் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் விட்டமும் கொண்ட பொன் பணம், 30 மில்லிமீட்டர் ரூபாய்க்காகச் செய்த பாக்கெட்டில் உருண்டு வெளியே விழுந்து காணாமல் போகும். அதற்கு ஆபத்து வேதியியலில் இல்லை, இடைவெளியில் இருக்கிறது.

இந்த அளவுச் சிக்கலுக்கு நல்ல விடை, நடுவில் வட்டமாக மைலார் ஜன்னல் வைத்த 2 அங்குலச் சதுர அட்டை. காசின் விட்டத்துக்கு ஏற்ற ஜன்னலைத் தேர்ந்தெடுத்து, அட்டையை மடித்து, பிறகு ஆல்பத்தின் பாக்கெட்டில் செருகலாம். பாக்கெட்டும் காசும் நேரடியாகத் தொடுவதில்லை என்பதால் பாதி ஆபத்து அங்கேயே தீர்ந்தது. ஆனாலும் பக்கம் பிவிசி என்றால் ஆவி அட்டையைத் தாண்டும். அட்டையும் அமிலம் அற்றதாக இருக்க வேண்டும். தானே ஒட்டும் பசை அட்டை வேலையைக் குறைக்கும், ஆனால் சித்திரை வெயிலில் இளகிய பசை ஜன்னலுக்குள் ஊறும். ஸ்டேப்ளர் பின் அடிப்பதே மேல். பின்னின் முனைகளைக் குறட்டால் நசுக்கித் தட்டையாக்காவிட்டால் அடுத்த பக்கத்துக் காசின் முகத்தில் கீறும். மழைக்காலத்தில் அந்தப் பின்னே துருவும் பிடிக்கும், ஆகவே துருப்பிடிக்காத பின் கிடைத்தால் தேடி வாங்குவது நல்லது. காசை வெளியே எடுக்கும்போது பின்களை முதலில் கழற்ற வேண்டும், இழுத்துக் கிழிக்கக் கூடாது. ஆல்பத்தைப் படுக்க வைத்து மேலே மேலே அடுக்கினால் கீழ்ப்பக்கக் காசுகள் நசுங்கி ஜன்னலில் ஒட்டும். புத்தகம்போல நிறுத்தி வையுங்கள்.

இவ்வளவும் பணக்காரர் விளையாட்டு என்று தோன்றலாம். வெளிநாட்டு ஆல்பங்களின் விலையைப் பார்த்தால் அந்த எண்ணம் நியாயமே. ஆனால் தரம் என்பதை விலையோடு சேர்த்து முடிச்சுப் போட்டதால் வந்த குழப்பம் இது. பேக்கிங் சாமான் கடையில் நூறாகக் கட்டி விற்கும் சின்ன ஜிப் கவர் பெரும்பாலும் பாலிஎத்திலீன்தான். அது மிதக்கும், நாறாது, கசியாது. தோல் அட்டையும் தங்க எழுத்தும் போட்ட பிவிசி ஆல்பத்தைவிட, சில காசுகளில் வாங்கும் அந்தக் கவர் வெள்ளி ரூபாய்க்குப் பாதுகாப்பானது. பார்க்க அழகாக இராது, நீண்ட காலத்தில் சுருங்கிக் கசங்கும், அவ்வளவுதான். எஃகு ரூபாய்களையும் பத்து ரூபாய்க் காசுகளையும் ஜிப் கவரில் போட்டுவிட்டு, மிச்சப்படும் பணத்தில் பழைய செம்புக்கும் வெள்ளிக்கும் நல்ல பக்கங்களை வாங்குவதே புத்திசாலித்தனம். எல்லாக் காசுக்கும் ஒரே மரியாதை கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஏற்கெனவே பிவிசி ஆல்பம் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கி எறியவும் தேவையில்லை. காசை வெளியே எடுத்துவிட்டு, பேருந்து டிக்கெட்டும் தீப்பெட்டிப் படமும் சேர்ப்பவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று சொல்ல நினைத்தேன், ஆனால் அச்சு மையையும் அந்தப் பிசுக்கு இழுத்துக்கொள்ளும். அது விசிட்டிங் கார்டுக்கே இருக்கட்டும்.

நல்ல ஆல்பம் வாங்கியும் கெடுப்பது இடம். காஞ்சிபுரத்து நெசவு வீட்டில், பிள்ளையார்பாளையம் போன்ற தெருக்களில், குழித்தறி இருக்கும் அறையின் தரையிலிருந்தே ஈரம் எழும். பட்டிழை அறாமல் ஓட அந்த ஈரம் உதவும். அதே அறையின் அலமாரியில் காசு இருந்தால் அதற்கு வருஷம் முழுக்க ஐப்பசிதான். மொட்டை மாடியை ஒட்டிய அறை இதற்கு நேர்மாறு, ஈரம் குறைவு, ஆனால் வெயில் நேரத்தில் சூளை. குளியலறைச் சுவரைப் பகிரும் பீரோ, கற்பூரமும் எண்ணெய்ப் புகையும் படரும் பூஜை அறை, அடுப்பங்கரைப் பரண் மூன்றும் கூடாது. கீழ்த்தளத்தில், வெளிச்சுவரைத் தொடாத இரும்பு பீரோவின் நடுத்தட்டு நல்லது. இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. பிளாஸ்டிக் உறை வெளி ஈரத்தைத் தடுக்கும் அதே வேளை உள் ஈரத்தைச் சிறைவைக்கும். அடைமழை நாளில் காசை உறையில் போட்டு மூடினால், அந்த மழையையும் சேர்த்து மூடியதாகிறது. மாசி, பங்குனியில் வெயில் ஏறிய பிறகு, கையைக் கழுவித் துடைத்து, ஓரத்தில் பிடித்து உறைக்குள் வையுங்கள். சிலிக்கா ஜெல்லை வாங்கிப் போட்டுவிட்டு மறந்தால் பயனில்லை. நிறம் மாறியதும் சூடேற்றி உலர்த்தினால்தான் மறுபடி ஈரத்தை உறிஞ்சும். புடவை மடிப்பு மாற்றும் நாளிலேயே ஆல்பத்தையும் திறந்து பாருங்கள். பக்கம் மங்கியோ பிசுபிசுத்தோ இருந்தால் அன்றே காசை மாற்றுங்கள்.

ஆல்பத்துக்கு முன்னால் யோசிக்க வேண்டிய ஒரு விஷயமும் பாக்கி இருக்கிறது. இந்த ஊரில் அஸ்திவாரம் தோண்டினால் பழங்காலம் எதிர்ப்படுவது புதிதல்ல. அப்படி மண்ணில் கிடைத்த காசை ஆல்பத்தில் செருகுவது முதல் வேலை ஆகாது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடைத்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு வருஷம் தாண்டிய காசைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் இடம் தராது. முறையாக வாங்கிய காசானாலும், எங்கே, எப்போது, யாரிடம் வாங்கியது, எந்த ஊர்ப்பக்கம் கிடைத்ததாகச் சொன்னார்கள் என்ற குறிப்பு அதோடு போக வேண்டும். கிடைத்த இடம் தெரியாத பல்லவக் காசைவிட, பாலாற்றங்கரையில் கிடைத்தது என்று எழுதிய தேய்ந்த காசு ஆய்வாளருக்கு அதிகம் பயன்படும். அந்தக் குறிப்பைப் பால்பாயிண்ட் பேனாவால் எழுதினால் மை ஊறும், மார்க்கரின் ஆவி ஜன்னலுக்குள் போகும். அட்டையின் ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். எழுத்தின் அழுத்தம் காசில் படாதிருக்க, காசை உள்ளே வைப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள்.